தியாகலிங்கம் தானாகவே தெரிவு செய்த கொன்வேட்டர்

கலியாணம் கட்டி இருபத்தாறு வருசம். இந்த இருபத்தாறு வருசத்தில் ஒரேயொரு விசயத்திலாவது தன் சொல் நிற்க வேண்டும் என்று தியாகலிங்கம் சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை. எடுத்த இடம் மெக்கானிக் றெக்ஸின் கராஜ். தூக்கி நிறுத்தியிருந்த தன் பிக்கப் ட்ரக்குக்குக் கீழே, தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு எடுத்தார்.

சுவருக்கு என்ன நிறம், மகள் எந்தக் கல்லூரி, அவருடைய தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி, எல்லாமே மனைவி ஜெகதீஸ்வரியின் தீர்மானம். ட்ரக் மட்டும் அவருடையது. அதுவும் பாதிதான். கிழமை நாட்களில் அதில் அவர் வேலைக்குப் போவார். சனிக்கிழமைகளில் அது ஜெகதீஸ்வரியின் மணவறையை இழுக்கும். தமிழ்க் கலியாணங்களுக்கு மணவறை வாடகைக்குக் கொடுப்பது அவள் தொழில். தூண், தோரணம், மாப்பிள்ளை பொம்பிளைக் கதிரை, பைபர் யானை இரண்டு என்று ட்ரெயிலர் ஐயாயிரம் இறாத்தல் வரும். அந்த யானைகள்தான் ட்ரக்கின் டோர்க் கொன்வேட்டரைத் தின்றுவிட்டன என்பது தியாகலிங்கத்தின் கட்சி.

“எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில எண்ணெய்க்குள்ள சுத்துற சாமான் அண்ணை. அதுதான் பழுதாப்போட்டுது. புதுசு பூட்டவேணும்,” என்றான் றெக்ஸ். இரண்டு தாள்களை நீட்டினான். ஒன்றில் 1800 என்று இருந்தது. மற்றதில் 3200.

“இதென்ன கணக்கு?”

“எஞ்சின் எத்தனை சுத்துக்கு ஏறினாப் பிறகு வண்டியைப் பிடிச்சு இழுக்கும் எண்ட கணக்கு. ஆயிரத்து எண்ணூறு பாரம் இழுக்கிறவைக்கு. மூவாயிரத்து இருநூறு பந்தயம் ஓடுறவைக்கு. சிக்னலில நிண்டு பாயலாம்.”

“பாயுமோ?”

“பாயும். ஆனா ட்ரெயிலர் கொழுவினியள் எண்டா எண்ணெய் கொதிச்சு கியர்பொக்ஸே கருகிப்போகும்.”

தியாகலிங்கத்தின் காதில் ‘பாயும்’ வரைக்கும்தான் விழுந்தது. அவருடன் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவர் தேவதாசன். பணக்காரர் இருக்கும் கர்க்லாண்டில் வீடு வாங்கியவர். தினமும் வேலை முடிந்து வெளியே வந்தால், முதல் சிக்னலில் தியாகலிங்கத்துக்குப் பக்கத்தில் தன் ட்ரக்கைக் கொண்டுவந்து நிறுத்துவார். பச்சை விழுந்ததும் பறந்துவிடுவார். போகும்போது ஒரு கையாட்டல் வேறு. அந்தக் கையாட்டலை நினைத்தாலே தியாகலிங்கத்துக்குச் சாப்பாடு இறங்காது.

“பெரிசைப் போடு,” என்றார்.

“அண்ணை, மணவறை?”

“நான் சொல்லுறன், போடு!”

“எதுக்கும் வீட்டில கதையுங்கோ. வெள்ளிக்கிழமைதான் ஓர்டர் குடுப்பன். அடுத்த வெள்ளி பூட்டித் தாறன். அடுத்தநாள் சனிக்கிழமை லவாலில உங்கட மணவறைக்குக் கலியாணம் எல்லே?”

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தியாகலிங்கம் சண்டைக்கு ஆயத்தமானார். அவள் இப்படிச் சொன்னால் இப்படி, அப்படிச் சொன்னால் அப்படி என்று பதினொரு பதில்கள் வைத்திருந்தார். குசினிக்குள் நுழைந்து நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஈசு, நான் மூவாயிரத்து இருநூறு போடப்போறன்.”

“ஓம், போடுங்கோ.”

“பாயுற சாமான்.”

“நல்லதுதானே.”

“பாரம் இழுத்தாக் கருகும் எண்டு றெக்ஸ் சொல்லுறான்.”

“உங்களுக்குத் தெரியாததே? உங்கட ட்ரக். உங்கட விருப்பம்.”

பதினொரு பதில்களும் வீணாகிப்போயின. ‘உங்கட விருப்பம்’ என்ற இரண்டு சொற்களை அவள் வாயிலிருந்து அவர் இதுவரை கேட்டதே இல்லை. கலியாணம் பேசிய நாட்களில்கூட அவள் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

தேத்தண்ணி வந்தது. குடித்தார். திடுக்கிட்டார். இரண்டு கரண்டி சீனி! டயபிற்றிஸ் வந்த நாள் முதல் அரைக் கரண்டிக்கு மேல் கண்டறியாத மனுசன்.

“என்ன இண்டைக்கு இனிக்குது?”

“குடியுங்கோ. களைச்சு வந்திருக்கிறியள்.”

அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை. ஏதோ நடக்கிறது. ட்ரக்கை விற்கப் பார்க்கிறாளா? தன்னைத்தான் விற்கப் பார்க்கிறாளா? பக்கத்தில் அவள் நிம்மதியாகக் குறட்டை விட்டாள். அந்தக் குறட்டையும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வேலையால் வந்து, வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படியில் பூனைபோல ஏறினார். அதாவது, பூனைபோல என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருடைய வேலைச் சப்பாத்து ஏறும் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். குசினி யன்னல் திறந்திருந்தது. உள்ளே ஜெகதீஸ்வரி போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு குசுகுசுப்பவள், இன்றைக்கு யன்னலோரம் நின்று பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கதைத்தாள்.

“தம்பி றெக்ஸ், நான் ஜெகதீஸ்வரி அக்கா. அவர் எதைக் கேட்டாலும் ஓம் எண்டு தலையை ஆட்டுங்கோ. ஆனா பூட்டேக்க மற்றதைப் பூட்டிவிடுங்கோ. என்ன? ஓமோம், எதைக் கேட்டாலும் மற்றது. அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

தியாகலிங்கம் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அகப்பட்டாள்! சீனியின் மர்மம் துலங்கியது. உள்ளே ஓடிப்போய்க் கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் கத்தினால் அவள் வேறு வழி பார்ப்பாள். இப்போதுதான் மூளை வேலை செய்யவேண்டும்.

செய்தது. எதைக் கேட்டாலும் மற்றது. அப்படியென்றால் பெரிதைக் கேட்டால் சின்னன் வரும். சின்னனைக் கேட்டால்? தியாகலிங்கம் படியிலேயே நின்று தனக்குள் சிரித்தார். பிறகு அவளால் ஒரு வார்த்தை பேச முடியுமா? அவள் சொன்னபடிதானே றெக்ஸ் செய்திருப்பான்! தன் புத்தியை நினைக்க அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

புதன்கிழமை கராஜில் போய் நின்றார்.

“தம்பி, யோசிச்சுப் பாத்தன். சின்னன்தான் சரி. ஆயிரத்து எண்ணூறு.”

றெக்ஸின் முகம் மலர்ந்தது. “அண்ணை, இப்பதான் நீங்கள் கதைக்கிறது கதை. வீட்டில கதைச்சனீங்களோ?”

“கதைக்கிறது என்ன, அவ கதைச்சதையே கேட்டனான்,” என்று சொல்லி ஒரு கண்ணை அடித்தார்.

றெக்ஸ் முழித்தான். “கண்ணுக்குள்ள தூசியோ அண்ணை?”

நல்ல நடிகன் என்று தியாகலிங்கம் நினைத்துக்கொண்டார். கேட்ட தாள் எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். ‘பாரம் இழுப்பதற்கு’ என்ற பெட்டிக்குள் தானே சரி அடையாளமும் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கராஜிலிருந்து ட்ரக்கை எடுத்துக்கொண்டு நேரே வேலைக்குப் போனார். வேலை முடிந்தது. சிக்னல் வந்தது. பக்கத்தில் தேவதாசன். தியாகலிங்கம் கண்ணாடியை இறக்கி, முதல்தடவையாகத் தானே முந்திக் கையாட்டினார். பச்சை விழுந்தது. அக்சிலேற்றரை அமத்தினார்.

ட்ரக், மணவறைக்கு நடந்துவரும் பொம்பிளை மாதிரி, குலுங்காமல் நலுங்காமல் மெல்லப் புறப்பட்டது. தேவதாசன் அடுத்த சிக்னலில் நின்று கையாட்டினார்.

சனிக்கிழமை அதே ட்ரக் யானைகளையும் தூண்களையும் கொழுவிக்கொண்டு லவால் பாலத்தில் ஏறியது. இரைச்சல் இல்லை. சூடு இல்லை. பாரம் இருப்பதே தெரியவில்லை. பக்கத்தில் ஜெகதீஸ்வரி மடியில் பூக்கூடையோடு இருந்தாள்.

“நல்லா இழுக்குது என்ன?”

தியாகலிங்கம் ரோட்டை முறைத்துக்கொண்டு ஓட்டினார். தன்னை எல்லோரும் சேர்ந்து விற்றுவிட்டார்கள் என்ற கொதிப்பு அவருக்கு.

திங்கட்கிழமை றெக்ஸின் சட்டையைப் பிடிக்காத குறை.

“டேய், எதைப் பூட்டினனீ?”

“நீங்கள் கேட்டதைத்தான். இஞ்ச பாருங்கோ, உங்கட கையெழுத்து.”

“அதுதான் கேக்கிறன்! ஏன் கேட்டதைப் பூட்டினனீ? செவ்வாய்க்கிழமை அக்கா கோல் எடுத்துச் சொன்னவ எல்லே, கேக்கிறதை விட்டிட்டு மற்றதைப் பூட்டச்சொல்லி? என்ர ரெண்டு காதாலையும் கேட்டனான்!”

றெக்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தான். தன் போனை எடுத்துத் தடவித் தடவித் தேடினான். “அக்காவோ? எனக்கு அக்கா ஒருநாளும் கோல் எடுத்ததில்லை அண்ணை. அவவிட்டை என்ர நம்பரே இல்லை.”

தியாகலிங்கம் நேரே வீட்டுக்குப் போனார். ஜெகதீஸ்வரி குசினியில் நின்றாள்.

“ஈசு, உண்மையைச் சொல்லும். அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை போனிலை ஆரோட கதைச்சுக்கொண்டு நிண்டனீர்?”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உங்களோடதான்.”