மேரம் தெருவை எங்கே சேர்ப்பது?

மேரம் தெருவின் நட்டநடுவே ஒரு கோடு ஓடியது, வார்டு எல்லைகளைத் திருத்தும் ஆணையம் வெளியிட்ட வரைபடத்தில். வடக்கு வரிசை நகர வார்டுக்கு, தெற்கு வரிசை பண்ணை வார்டுக்கு.

"எனக்கு ஒரு கவுன்சிலர், எதிர்வீட்டுக்காரிக்கு வேற கவுன்சிலரா? அப்போ கடல் சுவரைக் கட்டச் சொல்லி யார்கிட்டப் போய்க் கத்துறது?" என்றார் ஆலிவ் கார்பட். முப்பது வருடம் பஸ் ஓட்டிய பெண்ணின் குரல். போன குளிர்காலத்தில்தான் தெருக்கோடி வீடுகள் இரண்டு மண்ணோடு சரிந்து கடலுக்குள் போயிருந்தன.

பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அடியில் போட்டிருந்தது. 'தெருவைப் பிரிக்காதீர்கள்' என்று ஆலிவ் எழுதினார்.

பிரிக்கவில்லை. அடுத்த வரைபடத்தில் முழுத் தெருவும் பண்ணை வார்டில் கிடந்தது.

"பண்ணை வார்டு கவுன்சிலருக்குப் பன்னி விலையைத் தவிர வேற பேச்சே வராதே!"

ஆலிவ் மழையில் வீடு வீடாக ஏறி, நகர வார்டு கேட்டு அறுபத்தொரு கையெழுத்து வாங்கினார். தெருவில் பப் நடத்தும் ஸ்டானுக்கு அது பிடிக்கவில்லை.

"நகரத்துல சேர்த்தா வண்டி நிறுத்தக் கூடாதுன்னு என் வாசல்ல மஞ்சள் கோடு போட்டுருவான். அப்புறம் எவன் காரை நிறுத்திட்டுக் குடிக்க வருவான்?" என்று அவன் பண்ணை வார்டுக்கு ஐம்பத்தெட்டுக் கையெழுத்து திரட்டினான். தெருவில் இருப்பதே நூற்றுநாலு ஓட்டு.

"ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டிருக்கியே, மேவிஸ்?" என்று ஆலிவ் எதிர்வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ டீ குடுத்தே, அவன் பீர் குடுத்தான். யார் மனசையும் நோகடிப்பானேன்?"

தெருவே இரண்டுபட்டுப் பேச்சுவார்த்தை நின்றது. இறுதி வரைபடம் வந்தது. மேரம் தெரு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள வார்டில் இருந்தது. கவுன்சிலரைப் பார்க்கப் படகில் போக வேண்டும். குளிர்காலத்தில் படகு கிடையாது.

ஆலிவ் இரண்டு பஸ் மாறி கவுன்சில் அலுவலகத்துக்குப் போனார். தேர்தல் பிரிவில் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார்.

"இத்தனை கையெழுத்துல ஒண்ணைக்கூட அந்த ஆணையத்துல படிக்கலையா?"

"எல்லாத்தையும் படிச்சாங்கம்மா. ஆனா வார்டுக்கு வார்டு ஓட்டு எண்ணிக்கை சமமா வரணும். உங்க தெருவை எங்க சேர்த்தாலும் கணக்கு மாறல."

"நூத்திநாலு ஓட்டு! எப்படி மாறாம இருக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சு வருஷம் கழிச்சு இருக்கப்போற ஓட்டைத்தாம்மா எண்ணுவாங்க. கடல் வர்ற வேகத்தைப் பார்த்து மேரம் தெருவுக்கு நம்ம கவுன்சில் பூஜ்யம்னு எழுதிக் குடுத்திருக்கு... உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"