அணையை நான் உடைக்கவில்லை

சின்ன காஞ்சிபுரம்,
9.11.2001

அன்புள்ள பூமா அத்தைக்கு,

ஸுபத்ரா சேவித்து எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, கொல்லைக் கிணறு மூவரும் சௌக்கியம். கிணற்றில் இந்த வருஷம் குனிந்து மொண்டு எடுக்கும் அளவுக்குத் தண்ணீர். பெங்களூரில் நீங்களும் அத்திம்பேரும் அதே போல நிறைந்திருக்க வரதனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கார்டு வந்தது. "அணையை உடைத்தாயாமே. வேலையை விட்டுவிட்டுப் புறப்பட்டு வா. கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்துவிடுகிறேன்" என்று மூன்றே வரி. ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் யாரோ சொன்னதைப் பெரியப்பா பிள்ளை ஸ்ரீசரண் அப்படியே எஸ்.டி.டி. போட்டு உங்களிடம் ஒப்பித்திருக்கிறான். அத்தை, பந்தியில் இரண்டாம் முறை சாத்தமுது கேட்கவே கூசுகிறவள் நான். அணையை எங்கே உடைப்பேன்? நடந்ததை எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள்.

நான் வேலை பார்க்கும் நீர்ப்பிடிப்புத் திட்டத்தில் போன கோடையில் ஓர் ஓடையின் குறுக்கே சின்ன மண் அணை கட்டினோம். அணை என்றதும் மேட்டூரை நினைக்க வேண்டாம்; இரண்டு ஆள் உயரக் கரை, அவ்வளவுதான். மேட்டிலிருந்து ஒரே மூச்சில் இறங்கும் வெள்ளத்தை நிறுத்தி நிதானமாக அனுப்புவது அதன் வேலை. கீழே பதினெட்டு வீடுகள். வருஷா வருஷம் ஐப்பசியில் அவற்றுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆனால் மண் கரையின் தலைமேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கரை சர்க்கரையாய்க் கரைந்து, தேங்கியது மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். அதனால் கிழக்குக் கோடியில் பன்னிரண்டு அடிக்கு வேண்டுமென்றே தாழ்வாக விட்டு, கல் பாவி வைத்தோம். மிஞ்சிய தண்ணீர் அங்கே வழிந்து பக்கவாட்டில் வயலுக்குப் போய்விடும். அதற்குக் கலங்கல் என்று பெயர். தெரியாதவர்களுக்கு அது கட்டி முடிக்காமல் விட்ட இடம் போலத் தோன்றும்.

இப்போது குற்றவாளிக்கு வருகிறேன். நமச்சிவாயம் என்று ஒரு நெசவாளர். புடவைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகளைப் பாவு என்பார்கள். அதைக் கஞ்சி போட்டு, அறுபது எழுபது அடிக்கு இழுத்துக் கட்டிக் காயவைக்க வேண்டும். தெருவில் கட்டினால் ஷேர் ஆட்டோ புகுந்துவிடுகிறது. மனிதர் எங்கள் கரையைப் பார்த்தார். கரை நேராக ஓடுவது கிழக்குப் பாதியில் மட்டும், அங்கேதான் கலங்கலும். கோடை முடிவதற்குள் பள்ளத்தில் மண் அடித்து, சாணி மெழுகி, தரையை வழவழவென்று ஆக்கிவிட்டார். நான் இரண்டு மாதம் வேறு கிராமத்தில் இருந்ததால் எனக்குத் தெரியாது.

போன வியாழக்கிழமை காலை போகிறேன். முதல் நாள் முழுக்க மேட்டில் மழை. தண்ணீர் கரை விளிம்புக்கு இரண்டு சாண் கீழே நிற்கிறது, ஏறிக்கொண்டும் இருக்கிறது. கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததைத் தவறவிடக் கூடாதென்று, கலங்கல் இருந்த இடத்துக்கு நேர் மேலே அரக்குச் சிவப்பில் ஒரு பாவு.

"இங்கே ஒரு பள்ளம் இருந்ததே?" என்றேன்.

"அதுவா? ரெண்டு லோடு மண்ணு அடிச்சி மட்டம் பண்ணிட்டோம்மா. இப்ப பாரு, எப்டி இருக்குது!" என்றார் நமச்சிவாயம், பரிசு வாங்க வந்தவர் மாதிரி.

"பாவை எடுத்துடுங்கோ. உடனே தோண்டணும்."

"தோண்டறதா?" இது முனிசாமி, எங்கள் கமிட்டித் தலைவர். "சர்க்கார் கரைம்மா. மண்ணு போட்டா ஒருத்தனும் கேக்கமாட்டான். ஒரு கூடை எடுத்தா கேஸு. கலெக்டரு வந்தா நீ பதில் சொல்வியா?"

"அரை மணி நேரம் குடும்மா," என்றார் நமச்சிவாயம். "கஞ்சி காயல. இப்ப சுத்துனா இழையெல்லாம் ஒட்டிக்கும். மூணு பொடவம்மா அது."

அதற்குள் இரண்டு சாண் ஒன்றரைச் சாண் ஆகிவிட்டது. அத்தை, அப்போது எனக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது நம் அகத்துக் குரல் இல்லை. "யோவ்! பாவ எடுக்கிறியா, இல்ல நான் அறுத்துப் போடட்டா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான், யார் கத்தியது என்று.

அவர் மனைவி வடிவாம்பாள் மட்டும் தண்ணீரைப் பார்த்தாள், பிறகு கீழே கூரைகளைப் பார்த்தாள். "என் தங்கச்சி பச்ச புள்ளயோட அங்கதான்யா படுத்துக்கினு கீறா," என்று பாவு கட்டியிருந்த முளைக்குச்சியை அவளே பிடுங்கினாள். ஈரப் பாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னா பாக்கிற? வெட்டு!" என்று கடப்பாரையை என் கையில் கொடுத்தாள். நான் நாலு குத்து குத்தினேன். நாலும் என் கால் பக்கத்திலேயே விழுந்தன. நமச்சிவாயம் அதை வாங்கி மண்ணைக் குத்திப் பிளந்துவிட்டு என் கையிலேயே திருப்பித் தந்தார். கேஸு என்ற முனிசாமியே கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டி எடுத்தார். ஒரு முழம் அகலத்துக்கு வழி விட்டதும் மீதி மண்ணைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போய்விட்டது. அடியில் பாவிய கல் அப்படியே இருந்தது. ஒரு கோழிக்கூடு போயிற்று. பதினெட்டு வீடும் கரையும் நின்றன. வடிவாம்பாள் அன்று முதல் ஒட்டிய இழைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு புடவை தேறுமாம்.

அந்த நேரம் பார்த்துச் சாலையில் போன ஷேர் ஆட்டோவுக்குத் தெரிந்தது என்ன? கடப்பாரையோடு ஒரு பெண், பக்கத்தில் குபுகுபுவென்று தண்ணீர். அவர்களையும் குறை சொல்ல முடியாது. விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்று இருந்தால்தான் மற்றதெல்லாம் நிற்கும் என்பதை நானே புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் நமச்சிவாயம் அப்படியல்ல. பொதுச் சொத்தைத் தன் வசதிக்கு வளைத்தவர். அவரிடம் இன்னும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே வேலையை விடும்படி எதுவும் நடக்கவில்லை. அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசி இருக்கிறவரை ஈரக் கரையில் வழுக்கி விழமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமாள்
ஸுபத்ரா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது நமச்சிவாயம் வாசலில் வந்து நின்று, நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தார். மே மாதம் கமிட்டி ஒட்டிய நோட்டீஸ். "கரையின் தலை கோடிக்குக் கோடி ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பள்ளம் தென்பட்டால் ஊர்மக்களே உடனே மண் போட்டு நிரப்பவும்." கலங்கலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்து என்னுடையது. "அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். "பத்து பேரு எதிர்ல எப்டிம்மா சொல்றது? நீ வேற கத்திக்கினு இருந்தே. ஒட்டுனதுல இது ஒண்ணுதான் மிச்சம் கீது, கிழிச்சிப் போட்டுடு," என்று சொல்லிவிட்டு, காப்பிக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். அவரைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படியுங்கள். காகிதத்தைக் கிழிக்கவில்லை. நாளைக்குக் கமிட்டிக் கூட்டம். பத்துப் பேர் எதிரில் நானே அதை வாசிக்க வேண்டும்.