யாருக்கும் சேராத பதிவு

மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் மூத்த மச்சான் மொக்கைச்சாமியின் பேர் வரவே கூடாது என்று பாண்டிச்செல்வம் சபதம் எடுத்தான். மல்லாங்கிணறு கல்யாணப் பந்தியில் ஊரே பார்க்க, "எங்க மாப்பிள்ளை வெயில் பட்டா உருகிருவாரு, நிழல்ல உக்கார வைங்கப்பா" என்ற வாய் அது. அந்த மடியில் மகளா? சின்ன மச்சான் ஒச்சப்பன் போதும்.

ஆயுதம் கையிலேயே இருந்தது. சிவகாசி அச்சகம் ஒன்றுக்குப் பத்திரிகை மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். குடும்பத்தார் பேர்களை உறவுப்படி ஒன்றோடொன்று கட்டிவிட்டால் பத்திரிகை தானே தயாராகும். ஒரு பேரை நீக்கினால் எது நிற்கும், எது சேர்ந்து போகும் என்று டெஸ்ட் பார்க்க வேண்டும். அதற்குச் சொந்தக் குடும்பத்தையே போட்டிருந்தான். ரேஷன் கார்டில் உள்ளபடி மனைவி கற்பகவல்லி குடும்பத் தலைவி; மற்ற எல்லாரும் அவளோடு கட்டு; பத்திரிகை வைப்பவன் என்பதால் அவன் பேரை மட்டும் மெசின் தானாக அழிக்காது.

"கற்பகம், மெசின் ஒரு தாய்மாமனைத்தான் ஏத்துக்கிடுது. ஒச்சப்பன் ஏறிட்டான். நான் என்ன செய்ய?"

அவள் கோபப்படவில்லை. அங்கேயே அவன் பயந்திருக்க வேண்டும்.

"ஏங்க, மெசின் தப்பே சொல்லாதா?"

"டெஸ்ட் வச்சிருக்கேம்லா! அது சொன்னா அப்பீலே கிடையாது."

"அம்புட்டு உறுதியா? அப்ப என் பேரை எடுத்துட்டு ஒரு டெஸ்ட் போடுங்க, பாப்போம்."

வித்தையைக் காட்டும் ஆசையில் எடுத்தான். மகள் போனாள். ஒச்சப்பன் போனான். திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி மிஞ்சியது: 'பாண்டிச்செல்வம் – யாருக்கும் சேராத பதிவு.'

"யாரோ ஒரு ஆளு பேரு எங்க வீட்டுப் பத்திரிகையில எதுக்கு?" என்றாள் கற்பகவல்லி. "அழிச்சிருங்க."

"ஏய், நான் பிள்ளைக்கு அப்பன்லா!"

"மெசின் அப்படிச் சொல்லலியே. அப்பீலும் கிடையாதாம்லா."

"என்னதான் செய்யச் சொல்லுதே?"

"பெரியண்ணன் பேரை முதல்ல ஏத்துங்க. உங்களைச் சேக்கலாமான்னு பொறவு யோசிக்கேன்."

ஒன்றுக்கு மேல் தாய்மாமன் கூடாது என்ற விதியை அவனே எழுதினான், அவனே அழித்தான். தாய்மாமன்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

பத்திரிகை வந்தது. மொக்கைச்சாமியின் பேர் பெரிய எழுத்தில், தங்க மையில். பாண்டிச்செல்வத்தின் பேர் அடியில், அச்சகத்தின் பேருக்குச் சற்று மேலே, எறும்பு ஊர்ந்த மாதிரி.

சாயங்காலம் மொக்கைச்சாமி போனில் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளே, பத்திரிகை அருமை. கீள உங்க பேரும் இருக்கே, தங்கச்சி போட விட்டுருச்சா?"