சாட்சிக்கு வைத்த பல்

அரைகுறையாகப் படித்தவர்களிடம் இரண்டு பொருட்களைக் கொடுக்கக் கூடாது. ஒன்று சான்றிதழ், இன்னொன்று சைக்கிள். எனக்கு இரண்டும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மூன்று நாள் முதலுதவி வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் முத்திரை போட்ட காகிதம் வாங்கிய முதல் பெண் நான்தான். (கட்டுப் போட மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.)

அது குறுவை அறுப்பு நேரம். குத்தாலம் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் கூலித் தகராறு முற்றியிருந்தது. கோட்டையில் எந்தக் கட்சி ஆண்டாலும் எங்கள் ஊரை ஆண்டவர் மிராசுதார்தான். மறுநாள் தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை. தொழிலாளர்கள் சார்பில் பேச வேண்டியவர் என் அண்ணன் சிங்காரம். அப்பேர்ப்பட்டவர் அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில், நான் ஓட்டிப் பழகிய சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தார்.

குறுக்கே ஒரு ஆடு வந்தது. நான் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். சைக்கிள் நின்றது, அண்ணன் நிற்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த இரும்பில் அவர் வாய் மோதி, முன்பல் ஒன்று வேரோடு பெயர்ந்து மண்ணில் விழுந்தது.

பதறக் கூடாது என்பது வகுப்பில் முதல் பாடம். நான் பதறவில்லை. (பதறியிருந்தால் தேவலை.) அண்ணனை வீட்டுக்கு அழைத்துவந்து துணியைக் கடித்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்து, செம்பு துலக்குவது போல, வேரில் ஒட்டியிருந்த சதையெல்லாம் போகும்வரை அந்தப் பல்லைத் துலக்கினேன். அவ்வளவு வெள்ளையான பல்லை அண்ணன் வாயில் நான் பார்த்ததே இல்லை.

அதற்குள் தெரு கூடிவிட்டது. நாளைக்குப் பேச வேண்டிய ஆளின் வாயில் ரத்தம்.

"மிராசுதார் ஆளுங்க வேலைதானே?" என்றார் சங்கத்துச் செயலாளர் மாரிமுத்து அண்ணன்.

அண்ணன் துணியைக் கடித்தபடி இல்லை என்று தலையாட்டினார். பயந்து மறைக்கிறார் என்று கூட்டம் முடிவு செய்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலுதவி படித்தவள் அண்ணன் பல்லை உடைத்தாள் என்று எப்படிச் சொல்வது?

"இருட்டா இருந்துச்சு, யாருன்னு தெரியல" என்றேன். (மணி ஐந்துகூட ஆகவில்லை.)

"பல்லு எங்க பாப்பா?"

கொடுத்தேன். மாரிமுத்து அண்ணன் அதை ஒரு துண்டுப் பிரசுரத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது சாட்சி. நாளைக்குத் தாசில்தார் மேசையில வைக்கணும். யாரும் தொடாதீங்க."

அண்ணன் துணியை எடுத்துவிட்டு, "டாக்டர்கிட்ட போவணும்" என்றார்.

"போவலாம் தம்பி. மொதல்ல புகார் எழுதிடுவோம்."

தெருவில் நன்றாக எழுதத் தெரிந்தவள் நான்தான். பேனாவை என் கையில் கொடுத்தார்கள். 'ஐயா' என்று எழுதினேன், அதற்கு மேல் ஓடவில்லை. வெளியே இளவட்டங்கள் கழிகளோடு பண்ணை வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்றார்கள். நான் ஒரு பொய்யை எழுதினால் பத்துப் பேர் ஜெயிலுக்குப் போவார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. பயத்தில் அழுதுவிட்டேன்.

"யாரும் அடிக்கல. சைக்கிள் ஓட்டுனது நான்தான். ஆடு வந்துச்சு."

மாரிமுத்து அண்ணன் சாட்சியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதச் சொல்ல ஒரு மணி நேரமா பாப்பா?"

மாயவரத்துக்கு பஸ் பிடித்தோம். பல் டாக்டர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாரு இவ்வளவு சுத்தமாத் துலக்கினது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"வேருல ஒட்டியிருந்ததுதாம்மா இதுக்கு உயிரு. வேரத் தொடாம மேல் பக்கமாப் பிடிச்சு, தண்ணியில லேசா அலசி, அப்பவே குழியில திருப்பி வச்சிருக்கணும். முடியலேன்னா பால்ல போட்டு உடனே எடுத்தாந்திருக்கணும். இனிமே இது ஒட்டாது."

வீட்டில் பால் இருந்தது. கூடியிருந்தவர்களுக்கு நான்தான் அதில் டீ போட்டுக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் அண்ணன் வீங்கிய வாயோடு போய்ப் பேசினார். கூலி ஏறியது. பல்தான் போனது போனதுதான், இன்றுவரை கட்டுப்பல். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பதிலாக, வீட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தக் கதையைச் சொல்லியே வளர்த்தார்.

போன வருடம் ஏழாவது படிக்கும் அவர் பேத்தி பள்ளிக்கூடத்தில் விழுந்து முன்பல் தெறித்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆட்டோ பிடித்து அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. போன் செய்தேன், அண்ணன் எடுத்தார்.

"பல்லப் பால்ல போட்டுக் கையோட கொண்டாந்துட்டோம். டாக்டர் வச்சுட்டாரு, ஒட்டிக்கிடுமாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்த ஆஸ்பத்திரிண்ணே? இந்தா வர்றேன்."

அண்ணன் கொஞ்சம் தயங்கினார்.

"அத மட்டும் அத்தப்பாட்டிகிட்ட சொல்லக் கூடாதுன்னு புள்ள சொல்லுதும்மா."