மிஞ்சும் அமைச்சர்

ஒற்றுமைக்கென்று தனி அலுவலகம் திறந்து, அதற்கு மேசை நாற்காலி போட்டு, வாசலில் துப்பாக்கியோடு காவலும் வைத்த நாடு உலகத்திலேயே எங்கள் நாடு ஒன்றுதான். அந்த அலுவலகத்தில் துணை இயக்குநராக இருக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. வாஷிங்டனில் இதைவிட அதிகப் புண்ணியம் செய்தவர்களுக்குத்தான் வெளிநாட்டுத் தூதர் வேலை.

எங்கள் புதிய அதிபர் ப்ரெஸ்காட் தேர்தல் மேடையில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: "என் அமைச்சரவையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் இருப்பார்." இலையில் ஊறுகாய் வைப்பதுபோல இதுவும் ஒரு மரபு. வைக்காவிட்டால் குறை சொல்வார்கள்; வைத்துவிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் கட்சியின் சின்னம் யானையா கழுதையா என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் மீதிக் கதையைப் படிக்காமலே தீர்ப்பு எழுதிவிடுவீர்கள்.

நாங்கள் தேடிய ஆளுக்குத் தகுதிகள் மிக எளியவை. அவர் எதிர்க்கட்சியில் இருக்கவேண்டும். எதிர்க்கட்சியின் கருத்து எதுவும் அவரிடம் இருக்கக்கூடாது. வாரக்கணக்கில் சலித்தும் ஆள் அகப்படவில்லை.

"காலமானவங்க யாராவது தேறுவாங்களா?" என்று கேட்டார் என் தலைவி மொரீன் புலாஸ்கி. அதிபரின் வலக்கை அவர்.

"நிறைய தேறுவாங்க மேடம். ஆனா பதவிக்கு ஒப்புதல் வாங்க செனட் சபை விசாரணைக்கு நேர்ல வரணுமே."

"அதானே பாத்தேன். நல்ல யோசனை எது வந்தாலும் இந்த செனட் குறுக்க படுத்துக்குது!"

கடைசியில் வர்ஜில் டாலஃப்சன் அகப்பட்டார். வடக்கு டகோட்டாவின் முன்னாள் கவர்னர். அதற்கு முன்பும் பின்பும் மாட்டு டாக்டர். நான்தான் தொலைபேசியில் அழைத்தேன்.

"கவர்னரே, உங்களை விவசாய அமைச்சராக்கணும்னு அதிபர் ஆசைப்படுறாரு."

"எங்க கட்சியில என்னை உரிச்சு உப்பு தடவிடுவாங்களே தம்பி."

"ஒற்றுமை அப்படித்தாங்க ஆரம்பிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு நிபந்தனை. எங்க மாவட்ட ஆஸ்பத்திரியில பிரசவ வார்டை மூடப்போறாங்க. எங்க ஊர் மட்டும் இல்ல, கோதுமை விளையுற பக்கம் பூராவும் இதே கூத்துதான். கிராமத்து ஆஸ்பத்திரிக்கு உதவுற பணம் விவசாயத் துறை கையில இருக்கு. வார்டுங்களை மூடமாட்டோம்னு அதிபர் சொன்னா நான் வரேன். என் பொண்ணு கிரேட்டாவுக்கு மார்ச்சுல தேதி. அதை விட்டா அடுத்த ஆஸ்பத்திரி, பனி கொட்டுச்சுன்னா, அரைநாள் பயணம்."

"முதல் உரையிலயே அதிபர் அறிவிப்பாருங்க" என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பது என் பணி. காப்பாற்றுவது வேறு துறை.

நம்பி வந்தார். அவர் கட்சி அலுவலகத்தில் அவருடைய படத்தைக் கழற்றி மாட்டுத் தீவன விளம்பரத்தை மாட்டினார்கள். லூத்தரன் தேவாலயத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து அக்கம்பக்கத்தார் எழுந்து நகர்ந்தார்கள். "வான்கோழி சின்னதாப் போச்சு, நீ வரவேண்டாம்" என்று கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சொந்தத் தம்பியே சொல்லிவிட்டார். எங்கள் கட்சிக்காரர்களோ, "எதிரிக்கு எதுக்குய்யா பதவி?" என்று கொதித்தார்கள். ஒரே மனிதர் இரண்டு கட்சிகளையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவந்ததை நான் பெருமிதத்தோடு அறிக்கையில் குறிப்பிட்டேன்.

அமைச்சரவைக் கூட்டங்களில் அவருக்கு மிகுந்த மரியாதை அளித்தோம். "அந்த வார்டு விஷயம்..." என்று அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் புகைப்படக்காரர்களை உள்ளே விட்டோம்.

அடுத்து வந்தது அதிபரின் முதல் உரை. இரு அவைகளும் கூடியிருக்கும் அந்த மண்டபத்தில், அதிபர் ஒரு வரி சொன்னால் எங்கள் ஆட்கள் எழுந்து கைதட்டுவார்கள். எதிர்த்தரப்பு கைகட்டி உட்கார்ந்திருக்கும். டாலஃப்சன் எழுவாரா, உட்காருவாரா? இதை ஆராய ஒரு குழு அமைத்தோம்.

"பாதி எழுந்து நிக்கச் சொன்னா என்ன?" என்றார் ஒருவர்.

"முட்டிவலின்னு நெனைச்சுப்பாங்க. மருத்துவக் காப்பீட்டைப் பத்திக் கேள்வி வரும்" என்றார் மற்றவர்.

அப்போதுதான் எனக்குள் ஞானம் பிறந்தது. அந்த உரையின்போது மண்டபமே இடிந்து எல்லோரும் போய்ச்சேர்ந்தாலும் நாட்டை ஆள ஒருவர் மிஞ்சவேண்டும் என்று, அமைச்சர் ஒருவரை வேறிடத்தில் பத்திரமாக உட்காரவைப்பது வழக்கம். அந்த 'மிஞ்சும் அமைச்சர்' டாலஃப்சனாகவே இருக்கட்டுமே! கௌரவத்துக்குக் கௌரவம், ஆளையும் கண்ணில் காட்டவேண்டாம். குழு என்னைக் கட்டித்தழுவியது.

டாலஃப்சன் ஒன்றுதான் கேட்டார்: "நான் அங்க இல்லாட்டியும் வார்டைப் பத்தின வரியைப் படிப்பாரா தம்பி?"

"அது கல்வெட்டுங்க கவர்னரே."

உரை நாள் காலையில் மொரீன் செருப்பில்லாமல் என் அறைக்கு ஓடிவந்தார். "ஏன்யா எல்லிஸ், தப்பித்தவறி அந்தக் கட்டடம் இடிஞ்சு விழுந்தா அதிபர் யாருய்யா?"

"டாலஃப்சன், மேடம்."

"அவர் எந்தக் கட்சி?"

"நம்ம கட்சி இல்ல, மேடம்."

"நாம எல்லாரும் செத்துப்போனாக்கூடப் பரவாயில்ல. ஆட்சி போயிடுமேய்யா!"

எதிர்க்கட்சியாவது மகிழும் என்று எண்ணி அவர்கள் தலைவர் க்ரச்ஃபீல்டிடம் செய்தியைச் சொன்னேன். அந்தச் செனட்டரின் முகம் வெந்த இறாலாகச் சிவந்தது. "அந்தத் துரோகியா? எங்க கட்சியில அதிபர் நாற்காலிக்கு ஆயுசு பூரா காத்துக்கிட்டிருக்கோம். நாங்களும் அதே கட்டடத்துலதானே சாவோம்? செத்த பிறகும் அவனுக்குக் கீழ கிடக்கணுமா?"

அன்றே இரு கட்சித் தலைவர்களும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். வரவுசெலவுக்கும் போருக்கும் கூடாதவர்கள் கூடினார்கள். ஊற்றிய காபி ஆறுவதற்குள் ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று: டாலஃப்சன் மண்டபத்திலும் இருக்கக்கூடாது, பத்திரமான இடத்திலும் இருக்கக்கூடாது. பத்திரமான இடத்தில், அதிபராகும் வரிசையில் அவருக்கு முன்னால் இருக்கும் எங்கள் கட்சி அமைச்சர் ஒருவரை உட்காரவைத்தோம். டாலஃப்சனை, 'சொந்த மாநிலச் சிறப்புப் பணி' என்று பெயரிட்டு, பகல் விமானத்தில் வடக்கு டகோட்டாவுக்கு ஏற்றினோம்.

கல்வெட்டு வரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். "அந்த வரி வரும்போது கேமரா யாரைக் காட்டும்? ஆளில்லாத வரிக்குக் கைதட்டல் விழாது" என்றார் உரை எழுதுபவர். எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் 'ஒற்றுமை' என்ற சொல்லை இன்னும் இரண்டு முறை சேர்த்தோம். பெருத்த கைதட்டல்.

அதிபர் பேசிக்கொண்டிருந்தபோது வடக்கு டகோட்டாவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கிரேட்டாவுக்கு நாள் முந்திவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியின் வார்டை அதே வாரம்தான் பூட்டியிருந்தார்கள். தொலைவிலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பனியில் புதைந்த வண்டிக்குள், கன்று ஈனும் பசுக்களுக்கு வைத்திருந்த கையுறையை மாட்டிக்கொண்டு, விவசாய அமைச்சரே தன் மகளுக்குப் பிரசவம் பார்த்தார். பெண் குழந்தை. கிரேட்டாவுக்கு உதிரம் நிற்கவில்லை. பனி வாரும் வண்டிக்காரர் ஒருவர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததால் அவள் பிழைத்தாள். காலையில் இந்தச் செய்தி வந்தபோது காபியை அப்படியே தள்ளிவைத்தேன். வெட்கமாக இருந்தது. அலுவலகத்தில் அதைக் காட்டிக்கொள்ளும் வழக்கம் இல்லை.

நாடே நெகிழ்ந்தது. இரு கட்சிகளும் சேர்ந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தன: 'கிராமப்புறக் குடும்பங்களின் தன்னம்பிக்கையை இச்சபை மெச்சுகிறது.' கூடவே ஒரு துணைப்பிரிவு: அத்தகைய தன்னம்பிக்கை ஐயமற நிரூபணமாகிவிட்டபடியால், பிரசவ வார்டுகளுக்கான உதவி இனித் தேவையற்றது.

நான் டாலஃப்சனை அழைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன்.

"ஒரு ஓட்டுக்கூட எதிரா விழலையா?"

"இல்லைங்க கவர்னரே. சரித்திரத்துலயே அபூர்வம்."

மறுமுனையில் குழந்தை அழுதது. அவர் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பது கேட்டது. பிறகு, "ஒரு உபகாரம் பண்ணு தம்பி. அந்த ரெண்டு தலைவர்களுக்கும் பொண்ணுங்க இருக்காங்க. பிரசவத்துக்கு மாட்டு டாக்டர்கிட்ட அனுப்புவாங்களான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

அமைச்சரின் ஆணை அல்லவா? இருவரையும் தனித்தனி அறையில் கேட்டேன். இத்தனை காலம் ஒற்றுமைக்காக உழைத்த எனக்கு மெய்சிலிர்த்தது. ஒருவரை ஒருவர் கலக்காமலே, சொல்லுக்குச் சொல் ஒரே பதில்:

"என் பொண்ணையா? உனக்கென்ன பைத்தியமா?"