வனிலா என்ற சாட்சிப் பொருள்

சட்டத்தை அரைகுறையாகக் கற்றவனுக்குச் சீருடையும் கொடுத்துவிடக் கூடாது. இருபத்திரண்டு வயதில் எனக்கு இரண்டும் கிடைத்தன. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் உதவிச் சுப்பர்வைசர். (காசாளர் பாத்திமா அக்கா கூட என்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்.)

கடைத் திருட்டைக் கையாள ஒருநாள் பயிற்சி தந்திருந்தார்கள். ஆளைத் தொடாதே, பொருளைப் பையில் போட்டு ஒட்டி வை, பொலிசுக்கு அறிவி, சொல்லும் கதைகளைக் கேட்காதே. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தூங்கிவிட்டேன். (எப்போது மன்னித்து விடலாம் என்று சொல்லிக்கொடுத்தது அப்போதுதானாம்.)

அடுத்த வாரமே, சட்டைக்குள் வனிலா ஐஸ்கிரீம் டப்பாவோடு வாசலைத் தாண்டிய ஒருவரை மறித்தேன். பக்கத்து ஜிந்துப்பிட்டிக்காரர், பெயர் செல்லையா. ஐம்பது வயதிருக்கும்.

“பொஞ்சாதிக்குக் கேன்சரு, தம்பி. மருந்து குடுத்து வாயெல்லாம் புண்ணு. இது மட்டுந்தான் எறங்குது. உருகுறதுக்குள்ள போகணும்.”

பயிற்சியில் சொன்ன கதை இதுதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“அத ஃப்ரீசர்லயாவது வெச்சிட்டு எழுதுங்க தம்பி” என்றார் பாத்திமா அக்கா.

“சாட்சிப் பொருள் அக்கா. இடம் மாத்தேலாது.”

டப்பாவைக் காகிதப் பையில் போட்டு, ஒட்டி, கையெழுத்தும் வைத்து, பொலிஸ் நிலைய வாங்கில் செல்லையாவுக்குப் பக்கத்தில் அதை மடியில் ஏந்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வழக்கு மெல்ல மெல்ல என் காற்சட்டைக்குள் இறங்கியது.

சார்ஜன்ட் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “மல்லி, நீதவானுக்கு இத ஸ்ட்ரோ போட்டுக் குடுக்கிறதா?” (சிங்களத்திலும் நான் தம்பிதான்.) முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லி, செல்லையாவை எச்சரித்து அனுப்பினார்.

அவர் போகும்போது பையைக் காட்டி, “இதயாவது குடுங்க தம்பி” என்றார்.

“ஏலாது. கடைச் சாமான்” என்றேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, முறைப்பாட்டில் நானே எழுதிய விலாசத்தைத் தேடிப் போனேன். கட்டிலில் கிடந்த அந்த அம்மா தலையைத் திருப்பி டப்பாவைப் பார்த்தார். செல்லையா கை நீட்டவில்லை.

“பில்லு இருக்குங்களா, தம்பி?”

இருந்தது. கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கரண்டி எடுக்கப் போனார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இன்றைக்கும் அந்தக் காற்சட்டைக் கதையைச் சொல்லுவாள். நான் எழும்பி நின்று, நனைந்த இடத்தைக் காட்ட வேண்டும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போன மாதம் மகள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அப்பா, அந்தாள் ஆருக்கு ஐஸ்கிரீம் எடுத்தவர்?”

“தெரியாது, பிள்ளை” என்றேன்.