வெள்ளிக்கிழமை பாடாத திமிங்கிலம்

திமிங்கிலம் பாட்டை நிறுத்திவிட்டது.

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே இறங்குதுறைக் கட்டில் குந்தியிருந்த ஜெயரூபி, காதுக்கருவியை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தாள். தண்ணீருக்குள் இறக்கியிருந்த ஒலிவாங்கி, நண்டு கல்லைச் சுரண்டுவதைக்கூட ஒழுங்காகக் கொண்டுவந்து தந்தது. வர வேண்டிய சத்தம் மட்டும் வரவில்லை.

வராவிட்டால் அவளுடைய வேலை போய்விடும். பல்கலைக்கழக உயிரியல் துறையில் அவள் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத் தேர்வு அடுத்த கிழமை. ‘திருகோணமலைத் துறைமுகத்தில் புதிய திமிங்கிலப் பாடல்’ என்று துறையின் செய்திப் பக்கத்தில் எழுதியதே அவள்தான். செய்தி பத்திரிகைக்குப் போய், தொலைக்காட்சிக்குப் போய், கடைசியில் திமிங்கிலப் பாட்டே வாழ்க்கை என்றிருந்த ஓர் இந்தியப் பேராசிரியரின் காதுக்கும் போய்விட்டது. அவர் கேட்டுவிட்டுப் போக நாளை மறுநாள் வருகிறார்.

துறைத் தலைவர் கோணாமலை அதற்குள் கட்டுரையே எழுதிவிட்டார். அது துணை தேடும் ஆண் திமிங்கிலமாம். விடியலில்தான் பாடுமாம். வெள்ளிக்கிழமை மட்டும் பாடாது. அன்றைக்கு ஆழ்கடலுக்கு இரை தேடிப் போகிறதாம். இவ்வளவையும் அவர் அறைக்குள் இருந்தபடியே கண்டுபிடித்திருந்தார். பதிவுக்கருவி தன்பாட்டில் பதியும்போது, விடியற்காலையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு யார் வருவார்கள்?

தொலைபேசி அடித்தது. தலைவர்தான்.

"பாடினதே, ஜெயரூபி?"

"இன்னும் இல்லை, சேர்."

"ஏன் பாடேல்லை? இண்டைக்குப் புதன்கிழமைதானே?"

"பாத்துச் சொல்லுறன், சேர்," என்று அவள் தொலைபேசியை வைத்தபோது ஒரு வள்ளம் பூனை மாதிரி வந்து கட்டோடு அணைந்தது. கிண்ணியா ஸெய்னுதீன். ஊரில் எல்லோருக்கும் பழக்கமான மீன்காரர்.

"என்ன மிஸ், வெள்ளனவே வந்து குந்திட்டீங்க?"

"சும்மாதான், நானா."

"நம்மட போட்டைப் பாத்தீங்களா? சத்தமே இல்ல. நேத்துத்தான் புதுப் பேரிங் போட்டன். அதுக்கு முதல் ஒரே, ஊ... ம்ம்ம்... டொக்."

ஜெயரூபி எழும்பி நின்றாள். ஏற்ற இறக்கம் பிசகாமல் அதே பாட்டு.

"நானா, வெள்ளிக்கிழமை கடலுக்குப் போறனீங்களா?"

"ஜும்ஆ நாளில போறல்ல மிஸ். ஏன்?"

துணை தேடி ஏங்கிய ஆண் திமிங்கிலம், நாலு பிள்ளைகளின் தகப்பனாக, வெற்றிலை போட்ட வாயோடு அவளைப் பார்த்துச் சிரித்தது. தலைவரிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டிய தேவை இராது.

"நானா, அதைப் பழையபடி பழுதாக்க ஏலுமா?"

ஸெய்னுதீன் அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தார். "மிஸ், வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்க முதலே அழுகை வந்துவிட்டது.

"அழாதீங்க புள்ள," என்றார் அவர். "அந்தச் சத்தத்துக்கு ஒரு மீனும் கிட்ட வாறல்ல. எண்டாலும் ரெண்டு நாளைக்குத்தானே? பாத்துக்குவம்."

அடுத்த நாள் விடிய, புதுப் பேரிங்கைத் தளர்த்திவிட்டு வள்ளத்தை ஓட்டினார். மிளகாய் மில்லுக்குள் ஆணி விழுந்தது போல ஒரு சத்தம் வந்தது. பதிவைக் கேட்ட தலைவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"ஐயோ பாவம். அதுக்குத் தொண்டை வருத்தம்."

மத்தியானத்துக்குள் ‘துறைமுகத் திமிங்கிலத்துக்குச் சுகவீனம்’ என்று செய்திப் பக்கத்தில் வந்துவிட்டது. காரணம் வள்ளங்களின் இரைச்சல்தான் என்று தலைவர் மேலிடத்துக்கு எழுதி, பேராசிரியர் வரும் காலையில் உள்துறைமுகத்தில் ஒரு வள்ளமும் ஓடக்கூடாது என்று உத்தரவும் வாங்கிவிட்டார்.

ஜெயரூபி ஸெய்னுதீனின் வீட்டுக்கு ஓடினாள்.

"ஓடக்கூடாதெண்டுதானே சொன்ன? கட்டிப்போட்டு இஞ்சினை இயக்கினா ஆரு கேக்கப் போறா?" என்றார் ஸெய்னுதீன். "பழைய பேரிங்கையே போடுவம். நஜ்முன் நிஸா, அது எங்க?"

"குசினிக் கதவுக்கு முட்டுக் குடுத்திரிக்கி," என்றாள் மனைவி. "அதை எடுத்தா கதவு அடிக்கும்."

கதவு அடித்தால் அடிக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை இந்தியப் பேராசிரியர் உதவியாளரோடு வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமை பாடாதே என்று தலைவருக்குக் கவலை. விருந்தினர் வந்தால் பாடக்கூடும் என்று ஜெயரூபி சமாளித்தாள். கரையோரச் சதுப்பில் வளர்ந்திருந்த கண்ணாப் பற்றைக்குப் பின்னால் ஸெய்னுதீன் வள்ளத்தை இரண்டு கயிற்றால் கட்டிப்போட்டுவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்கு முன் முடித்துவிட வேண்டுமே என்று காத்திருந்தார். ஜெயரூபி சீலைத் தலைப்புக்குள் தொலைபேசியை மறைத்து அவருக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தாள்.

"ஊ... ம்ம்ம்... டொக்."

பேராசிரியர் கண்ணை மூடினார். கோணாமலை நெஞ்சில் கையை வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாப் பற்றைக்கு மேலே கன்னங்கரேலென்று டீசல் புகை எழும்பியது.

"அங்க பாருங்கோ," என்றார் கோணாமலை, குரல் தழுதழுக்க. "மூச்சு விடுது. கறுப்பு மூச்சு. உலகத்தில ஒருத்தரும் இதுவரை காணேல்லை."

ஜெயரூபி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இனி எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

இந்தியப் பேராசிரியர் புகையைப் பார்க்கவில்லை. காதுக்கருவியைக் கழற்றிய போது அவருடைய கண் கலங்கியிருந்தது.

"இது எங்க திமிங்கலம், சார்."

"என்ன?"

"பத்து வருஷமா எங்க கடல்ல பாடினது. இதை வச்சுத்தான் நான் பேராசிரியரே ஆனேன். போன மாசத்திலேருந்து சத்தமில்ல. செத்துப்போச்சுன்னு நினைச்சேன். இங்கே வந்திருக்கு."

கோணாமலையின் முகம் கறுத்தது. "அப்ப இது புதுப் பாட்டில்லையோ?"

"பழைய பாட்டு சார். நான் எப்பவோ எழுதியாச்சு."

கோணாமலை ஜெயரூபியின் பக்கம் திரும்பினார். "புதுசெண்டு எழுதினது நீர்தானே? நேர்முகத் தேர்வில உம்மட்ட இதைக் கட்டாயம் கேப்பினம்."

திமிங்கிலம் பாடாவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்தவளுக்கு, அது நன்றாகப் பாடியே வேலை போகப்போகிறது. தலைவரும் பேராசிரியரும் திமிங்கிலம் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று குரலை உயர்த்தத் தொடங்கினார்கள். ஜெயரூபி மெல்ல விலகிப்போய்க் கட்டின் ஓரத்தில் நின்றாள்.

உதவியாளர் அவளுக்குப் பின்னால் வந்தார். வந்ததிலிருந்து வாயே திறக்காத மனிதர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"மேடம், உங்க திமிங்கலத்துகிட்ட சொல்லி அந்தப் பழைய பேரிங்கை எனக்கு வாங்கித் தாங்க. எங்க திமிங்கலம் போன மாசம் புது இஞ்சின் போட்டுட்டாரு."